வைட்சேப்பல் சாலையில் ஒரு சிறு கண்

கிழக்கு இலண்டனுக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், காலை எட்டு மணிக்கு வைட்சேப்பல் சாலையில் சற்று நின்று பாருங்கள். கிழக்கு இலண்டன் பள்ளிவாசலின் முன்பாக மிதிவண்டிகள் சாரைசாரையாக விரையும். ஓட்டுவோர் சிலரது தலைக்கவசத்தின் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி தெரியும். அது காமிரா.

சென்ற ஆண்டு என் ராத்தாவின் மகன் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் இதை அறிந்தேன். வேலைக்குப் புறப்படுகையில் சாப்பாட்டுப் பையை மறந்தாலும் அவன் காமிராவை மறப்பதில்லை. "வீட்டில் விடமாட்டார்கள், மாமா" என்றான் சிரித்துக்கொண்டே.

வீட்டாரின் அச்சம் வீணானதன்று. 2011 ஆம் ஆண்டு இச்சாலை வழியே மிதிவண்டித் தடம் அமைத்தபோது, அதன் பெரும்பகுதி தரையில் பூசிய நீல வண்ணமாகவே இருந்தது. வண்ணம் கனரக வண்டியைத் தடுக்குமா? ஆல்ட்கேட்டிலும் போ சந்திப்பிலும் உயிர்கள் பறிபோயின. பின்னரே கல் விளிம்பு கட்டித் தடத்தைப் பிரித்தனர். 2016 இல் அப்பணி நிறைவேறிற்று.

ஆயினும் எல்லாத் தெருவிலும் தடம் இல்லை. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை விதிநூல், மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் மிதிவண்டியைக் கடப்போர் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்கிறது. ஒரு திங்கட்கிழமை, சரக்கு வேன் ஒன்று இவனது முழங்கையை உரசுவது போலக் கடந்தது. அன்றிரவு படத்தைக் காட்டினான். வண்டி எண் தெளிவாக இருந்தது. சிக்னலில் நின்ற ஓட்டுநரின் நரைத்த, களைத்த முகமும் தெரிந்தது.

இத்தகைய படங்களை இலண்டன் காவல்துறை இணையத்தின் வழியே ஏற்றுக்கொள்கிறது. வழக்குத் தொடரும் உத்தேச அறிவிப்பு 14 நாட்களுக்குள் வண்டி யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவரைச் சென்றடைய வேண்டும் என்பதால் தாமதிக்க இயலாது. தேவைப்பட்டால், அனுப்பியவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

"அவர் பிழைப்பு போய்விடுமோ, மாமா?" என்று கேட்டான். நானும் தயங்கினேன். பிறர் குறையைத் துருவித் திரிவதும் இதுவும் ஒன்றுதானோ? ஒன்றல்ல என்றே என் மனம் முடிவு செய்தது. அவன் எவரையும் தேடிச் செல்லவில்லை, வேலைக்குச் சென்றான். வண்டி ஓட்டுகையில் கைபேசியைப் பயன்படுத்திய திரைப்பட இயக்குநர் கை ரிச்சிக்கு 2020 இல் ஆறு மாதத் தடை விதிக்கப்பட்டதும், ஒரு மிதிவண்டிக்காரர் எடுத்த படத்தினால்தான். படம் இல்லையெனில், அங்கே ஒரு சாமானியரின் சொல் எந்த அளவு எடுபட்டிருக்கும்?

ஆனால் படத்தை ஊரெங்கும் பரப்பி ஒருவரது முகத்தைக் கேலிக்குள்ளாக்குவதை என்னால் ஏற்க இயலவில்லை. சிலர் அதற்காகவே படம் பிடிப்பதாகத் தோன்றுகிறது. மேலும், காமிரா கேடயமன்று. பின்னால் வரும் வேனை அது நிறுத்தாது. இதை அவனிடம் இருமுறை சொன்னேன்.

மூன்றாம் நாள் இரவு படத்தைக் காவல்துறைக்கு அனுப்பினான். நண்பர்கள் கேட்டபோது காட்ட மறுத்துவிட்டான். மறுநாள் காலை வழக்கம்போல் புறப்பட்டான். தலைக்கவசத்தில் சிவப்புப் புள்ளி ஒளிர்ந்தது. அவன் தெருமுனையில் திரும்பும் வரை அவன் மனைவி கதவை மூடவில்லை.