இஸ்தான்புல்லில் 17 மணி நேர நோன்பு

நம் ஊரில் நோன்பு மாதம் வந்துவிட்டால் கடிகாரமே தேவையில்லை. மாலை நான்கு மணிக்கு ரமலான் சந்தையில் கூட்டம் சேரும். ஐந்துக்குப் பள்ளிவாசல் முன்னால் தூக்குச்சட்டியோடு கஞ்சிக்கு வரிசை நிற்கும். ஏழு மணிக்குச் சாலையில் எல்லாரும் வீட்டுக்குப் பறப்பார்கள். பினாங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு நோன்பு என்றால் இதுதான். வருடம் எதுவானாலும் பதின்மூன்றரை மணி நேரம், கொஞ்சம் முன்பின்.

2017-இல், ஊடகத் துறை மாணவியாக இருந்தபோது, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் இஸ்தான்புல்லில் படித்தேன். அந்த ஆண்டு மே 27-இல் நோன்பு தொடங்கியது. கோடையில் வடக்கே பகல் நீளும் என்பதைப் பூகோளப் பாடத்தில் படிப்பது வேறு, வயிற்றால் படிப்பது வேறு. அதிகாலை மூன்றரைக்குள் சஹர் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். சூரியன் மறைய இரவு எட்டரை தாண்டும். ஏறக்குறைய 17 மணி நேரம். இஷா தொழுகைக்கே பத்தரை ஆகிவிடும். தராவீஹ் முடிந்து அறைக்கு வரும்போது நள்ளிரவு நெருங்கியிருக்கும். இரண்டு மணிக்கு மறுபடி எழ வேண்டும். இதற்கு நடுவில் பருவத் தேர்வு வேறு.

பசி நாலைந்து நாளில் பழகிவிட்டது. பழகாதது ஊரின் பகல்தான்.

நான் தங்கியிருந்த காடிகோய், ஆசியக் கரையில் உள்ள பகுதி. முதல் நோன்பன்று நண்பகலில் வெளியே வந்தால், தேநீர்க் கடைகளில் நாற்காலி காலியில்லை. இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளைகளில் சிவப்புத் தேநீர் சுற்றிச் சுற்றி வருகிறது. தெருமுனையில் எள் தூவிய சிமித் ரொட்டி விற்பனை அமோகம். சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெயர் கொண்டவர்கள். துருக்கி மக்களில் மிகப் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். ஆனால் அரச மதம் இஸ்லாம் என்ற வரியை 1928-லேயே அரசியலமைப்பிலிருந்து எடுத்துவிட்ட நாடு அது. நோன்பு வைப்பதும் விடுவதும் அவரவர் பாடு. நம் நாட்டில் நோன்புப் பகலில் ஒரு முஸ்லிம் பொது இடத்தில் சாப்பிட்டால் ஷரியா சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்துக்குள் வளர்ந்த கண்ணுக்கு இந்தக் காட்சி லேசில் அடங்கவில்லை.

என் அறைத்தோழி துருக்கிக்காரி, நோன்பு வைக்காதவள். "நீ ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இங்கே யாருக்குத் தெரியப் போகிறது?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையான சந்தேகம். துருக்கி மொழியில் எனக்கு அவ்வளவு பேசத் தெரியாததால் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி மாதம் முழுக்கக் கூடவே வந்தது. ஊரில் இருந்தவரை என் நோன்பில் எத்தனை பங்கு எனக்கு, எத்தனை பங்கு அத்தாவுக்கு, எத்தனை பங்கு பக்கத்து வீட்டுக்கு என்று நான் கணக்குப் பார்த்ததே இல்லை.

பெண்களுக்கு மட்டும் தெரிந்த இன்னொரு பக்கமும் உண்டு. மாதத்தில் சில நாள் நமக்கு நோன்பு இல்லை. மார்க்கமே விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனாலும் பள்ளியில் படித்தபோது அந்த நாட்களில் ரொட்டியைப் பைக்குள் ஒளித்து, கழிவறையில் நின்று விழுங்கிய தோழிகளை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருத்திதான். இஸ்தான்புல்லில் அப்படி ஒரு நாள், காடிகோயிலிருந்து ஐரோப்பியக் கரைக்குப் போகும் படகில், வெயிலில் உட்கார்ந்து ஒரு முழு சிமித் சாப்பிட்டேன். பக்கத்தில் முக்காடிட்ட ஓர் அம்மா தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மடியில் விழுந்த எள்ளைத் தட்டிவிடச் சொல்லிச் சைகை காட்டினார். அவ்வளவுதான்.

மாலை ஏழரைக்கு மேல் ஊர் வேறு முகம் காட்டும். ரொட்டிக் கடைகளில் நீண்ட வரிசை. எள்ளும் கருஞ்சீரகமும் தூவி, விரலால் கோலம் போட்டதுபோல் அழுத்திய வட்டமான பிடே ரொட்டி இந்த மாதத்துக்கே உரியது. சூடாகக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். கையில் வைத்துக்கொண்டு நோன்பு திறக்கும் வரை காத்திருப்பதுதான் பதினேழு மணி நேரத்திலேயே கடினமான அரை மணி நேரம். சுல்தான் அகமது சதுக்கத்தில் குடும்பம் குடும்பமாகப் புல்வெளியில் விரிப்பு விரிப்பார்கள். தனியாக நிற்கும் வெளிநாட்டு மாணவியை விடமாட்டார்கள். பேரீச்சம்பழம், ஒலிவக்காய், பருப்பு சூப் என்று கைக்கு வந்துவிடும். அந்தச் சூப்பு எங்கள் பள்ளிவாசல் கஞ்சிக்கு ஈடாகாது என்பது என் கருத்து. இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. பாலில் ஊறி, பன்னீர் மணக்கும் குல்லாச் என்ற இனிப்பைப் பற்றி மட்டும் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

இருட்டியதும் பெரிய பள்ளிவாசல்களின் இரண்டு மினாராக்களுக்கு நடுவே, வானத்தில் எழுதியதுபோல் விளக்கு எழுத்துகள் மின்னும். மாஹ்யா என்பார்கள். ஒட்டோமான் காலத்தில் எண்ணெய் விளக்கால் எழுதினார்களாம், இப்போது மின்விளக்கு.

இரவு இரண்டு மணிக்கு மேளக்காரர் வருவார். பெரிய தாவுல் மேளத்தைத் தோளில் மாட்டி, தடிக்குச்சியால் அடித்துக்கொண்டே தெருத்தெருவாக நடந்து சஹருக்கு எழுப்புவார். கடையநல்லூரில் பக்கீர் பாவா தப்ஸ் அடித்துப் பாடி எழுப்பிய கதையை எங்கள் நன்னி சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதைக்குச் சத்தம் கிடைத்தது காடிகோயில்தான். மாதக் கடைசியில் அவர் வீடு வீடாக அன்பளிப்பு வாங்க வந்தபோது, கதவைத் திறந்து பணம் கொடுத்தவள் என் அறைத்தோழி. "நோன்பு வைக்காத நீ எதற்குக் கொடுக்கிறாய்?" என்றேன். "சின்ன வயதிலிருந்து என்னையும்தானே எழுப்புகிறார்கள்" என்றாள்.

ஒரு நாள் சன்னலோரம் கைப்பேசியை நீட்டி அந்த மேளத்தை ஒலிப்பதிவு செய்தேன். போன ரமலானில் என் வானொலி நிகழ்ச்சியில் அதை ஒலிக்கவிட்டேன். நாற்பது விநாடிதான். மேளம் தெருமுனையில் திரும்பி நெருங்கி வரும். இருபத்தைந்தாவது விநாடியில், எதிர் மாடியில் யாரோ சன்னலை ஓங்கிச் சாத்தும் சத்தம் கேட்கும். மேளம் நிற்காமல் அடுத்த தெருவுக்குப் போகும்.