கம்பளம் வந்த வழி

சூரிச்சில் பழைய சாமான் விற்கும் ப்ரொக்கி கடைகளில் ஒருவகைக் கம்பளம் அடிக்கடி கண்ணில் படும். தடித்த கம்பளி, அடங்கிய நிறங்கள், மூலையில் மேகமோ தாமரையோ. பின்புறத் துணித்துண்டில் நேபாளம் என்றிருக்கும். கடைக்காரரோ திபெத்தியக் கம்பளம் என்பார். கடலே இல்லாத இரண்டு சின்ன மலைநாடுகளுக்கு நடுவே இந்தச் சரக்கு ஓடத் தொடங்கியது எப்படி என்று தேடப் போனேன். அகதியாக சுவிஸுக்கு வந்தவள் நான். அந்தக் கம்பளத்தை முடிச்சுப் போட்டவர்களும் அகதிகள் என்று தெரிந்த பிறகு தேடலை விட மனம் வரவில்லை.

முதலில் போனது வின்டர்தூருக்குப் பக்கத்திலுள்ள ரிக்கோன். 1960களில் அங்கே கூன் சகோதரர்களின் பாத்திரத் தொழிற்சாலைக்கு ஆள் போதவில்லை. சுவிஸ் ஏற்றுக்கொண்ட திபெத்தியர்களில் சிலருக்கு அவர்கள் வேலையும் வீடும் கொடுத்தார்கள். 1968இல் ஊரையொட்டிய குன்றின்மேல் ஒரு பௌத்த மடமும் திறக்கப்பட்டது. நல்ல கதைதான். ஆனால் இங்கே வந்தவர்கள் பானை சட்டி செய்தார்கள். கம்பளம் நெய்தவர்கள் நேபாளத்திலேயே தங்கிவிட்டவர்கள்.

அவர்களைத் தேடினால் டோனி ஹாகன் என்ற சுவிஸ் நிலவியலாளரிடம் போய் நிற்போம். 1950இல் நேபாளம் போனவர். சாலை இல்லாத அந்த நாட்டை ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் நடந்தே அளந்தவர். 1959இல் திபெத்தின் லாசாவில் சீன ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி அடக்கப்பட்டபின் ஆயிரக்கணக்கான திபெத்தியர் கணவாய்களைக் கடந்து நேபாளத்துக்குள் வந்தார்கள். அவர்களுக்கான செஞ்சிலுவை நிவாரணப் பணியை முன்னின்று நடத்தியவர் ஹாகன். நிவாரண அரிசிக்குக் காத்திருக்கும் கைகளுக்கு ஏற்கனவே தெரிந்த தொழில் ஒன்று உண்டு என்பது கவனிக்கப்பட்டது. 1960இல் காத்மாண்டுவை ஒட்டிய ஜாவலாக்கேலில் சுவிஸ் உதவியோடு கைவினை நிலையம் தொடங்கியது. பிறகு பொக்காராவிலும் சோலு மலைப்பகுதியின் சியால்சாவிலும் தறிகள் வந்தன.

ஜாவலாக்கேல் நிலையத்தில் தறியின் முன் நெடுநேரம் நின்றேன். நெய்பவர் பாவு நூலில் கம்பளி நூலைச் சுற்றி, குறுக்கே பிடித்த கம்பியின்மேல் வளையமாகப் போட்டுக்கொண்டே போகிறார். வரிசை முடிந்ததும் தட்டி இறுக்கி, கம்பியின்மேல் கத்தியை இழுக்கிறார். வளையங்கள் அறுந்து கம்பளியின் மயிர் நிமிர்கிறது. பாரசீகக் கம்பளத்தில் ஒவ்வொரு முடிச்சையும் தனித்தனியாகப் போட்டு அறுப்பார்கள். கம்பி வைத்து வரிசையாக அறுப்பது திபெத்தியரின் முறை. இந்த வித்தையை எந்த ஐரோப்பிய நிபுணரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. திபெத்தில் அவர்கள் நெய்தது படுக்கைக்கும் இருக்கைக்கும் குதிரைச் சேணத்துக்கும். ஐரோப்பியக் கூடத்தின் தரைக்குப் பெரிய அளவும் மங்கலான நிறமும் வேண்டியிருந்தன. சுவிஸ் உதவி வேலை செய்தது இங்கேதான்: கொட்டகை, கூலி, கணக்கு, அளவு, எல்லாவற்றுக்கும் மேலாக வாங்க ஓர் ஆள். 1964இல் முதல் வணிகச் சரக்கு சுவிஸுக்குப் போனது.

உதவி என்று கொடுத்த பணம் ஏராளமான நாடுகளில் கட்டடமாக நின்று துருப்பிடிக்கிறது. இந்த உதவி சந்தையானது, அதனால் பிழைத்தது. ஹாகனே 1988இல் வளர்ச்சி உதவியின் வழிகளையும் வழிதவறல்களையும் கடுமையாக விசாரித்து ஒரு புத்தகம் எழுதியவர். வெளியூர் நிபுணர்கள் ஏழை நாடுகளைச் சோதனைக்களமாக்குவது அவருக்குப் பொறுக்கவில்லை.

பின்னாளில் தொழில் நேபாள முதலாளிகளின் கைக்கு விரிந்தது. நியூசிலாந்துக் கம்பளி கலந்தது. ஜெர்மனி பெரிய வாடிக்கையாளரானது. தறியில் தமாங் மலைமக்கள் உட்கார்ந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் நேபாள ஏற்றுமதியில் கம்பளமே முன்னால் நின்றது. அந்த அவசரத்தில் பிள்ளைகளையும் தறிக்கு இழுத்தார்கள். அது ஜெர்மனியில் அம்பலமானதும் விற்பனை சரிந்தது. குழந்தைகள் நெய்யாதது என்று சான்று தரும் ரக்மார்க் முத்திரை அப்போது பிறந்தது. இன்று அதன் பெயர் குட்வீவ். வாங்குபவன் கேள்வி கேட்டதால் வந்த மாற்றம் அது. அகதிகள் நிலையங்களை நடத்திய காலத்தில் இருந்த கண்காணிப்பு, சந்தை பெருத்தபோதும் தொடர்ந்திருந்தால் அத்தனை பிள்ளைகள் தறியில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் எந்தச் சந்தையாலும் கொடுக்க முடியவில்லை. 1990களின் நடுப்பகுதியிலிருந்து நேபாளம் திபெத்தியருக்குப் புதிதாக அகதி அட்டை வழங்குவதை நிறுத்திவிட்டது. நேபாளத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் எந்த ஆவணமும் இல்லாமல் இருக்கிறார்கள். தற்காலிக அனுமதி அட்டையோடு காலம் தள்ளிய எனக்கு, அந்த அட்டைகூட இல்லாத வாழ்வு எப்படிப்பட்டது என்று யோசிக்கவே நெஞ்சு கனக்கிறது. நேபாளத்தோடு இத்தனை காலம் கைகோத்து நடந்த சுவிஸுக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு. சுவிஸ் உதவியால் எழும் சாலையையும் தொங்குபாலத்தையும் பற்றி நேபாளத்தோடு பேசும் மேசையில் அந்த அட்டையைப் பற்றியும் பேச வேண்டும். இங்கே வாக்குரிமை பெற்றுவிட்ட நம்மவர்கள் அதைத் தங்கள் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டும்.