பழவேற்காடா, தரங்கம்பாடியா?

திருவள்ளூர் ஜில்லாவுக்குக் கடற்கரை உண்டு என்பதை அந்த ஜில்லாவில் வசிப்பவர்களே பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். திருவள்ளூர் என்றதும், அமாவாசைதோறும் ஜனங்கள் திரளாக வந்து தீர்த்தமாடும் வீரராகவப் பெருமாள் சந்நிதியும், திருத்தணி மலையும், பூண்டி நீர்த்தேக்கமும் நினைவுக்கு வருகின்றன. வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இராப்பகல் ஓயாமல் புகைந்துகொண்டிருக்கும் இரும்பு உருக்காலைகளும் கம்பி ஆலைகளும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பொன்னேரித் தாலுகாவின் கிழக்கெல்லையாக வங்கக் கடல் அலை வீசிக்கொண்டிருப்பதும், கும்மிடிப்பூண்டியின் கிழக்கே இந்தியாவின் மகத்தான உவர்நீர் ஏரிகளில் ஒன்று பரந்து கிடப்பதும் யாருக்கும் தோன்றுவதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே உலைக்களத்தில் உழைக்கும் வாலிபர்கள், சமுத்திரத்தைத் தரிசிக்க வேண்டும் என்ற ஆசை எழுந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்சார ரயிலேறிச் சென்னை மெரினாவுக்குத்தான் போகிறார்கள்.

நான் கும்மிடிப்பூண்டியில் வாசம் செய்பவன். என் தமக்கையார் வாழ்க்கைப்பட்டது திருவள்ளூரில். ஒரே ஜில்லாவில் இருந்தும் அவர் ஊர் மேற்கே அரக்கோணம் போகும் பாதையிலும், என் ஊர் வடக்கே கூடூர் போகும் பாதையிலும் அமைந்துவிட்டபடியால், ரயிலில் ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமானால் சென்னைவரை போய்த் திரும்ப வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தின் பழைய வேடிக்கை. வருகிற மாசியில் அவருடைய கணவருக்கு அறுபது நிறைகிறது. சஷ்டியப்த பூர்த்தியைத் திருக்கடையூரில் அபிராமி சந்நிதியில் நடத்துவது என்று பெரியவர்கள் முன்னமே தீர்மானித்துவிட்டார்கள். சாந்தி முடிந்தபின் கிடைக்கும் சில நாட்களைக் கடலோரத்தில் எங்கே கழிப்பது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி உண்டாயிற்று.

“திருக்கடையூர் வரைக்கும் போயிட்டு, பக்கத்துல இருக்கிற தரங்கம்பாடியைப் பார்க்காம வர்றதா தம்பி?” என்றார் அக்கா. என் மகனோ, “பழவேற்காட்டுல பூநாரை இறங்கியிருக்குது அத்தை. நம்ம ஏரியை விட்டுட்டு அவ்வளவு தூரம் போகணுமா?” என்று கேட்டான். வழக்கு என்னிடம் வந்தது. இரண்டு ஊரிலும் எனக்குப் பரிச்சயம் உண்டு என்பதுதான் காரணம்.

பழவேற்காட்டுக்குப் போவது எளிது. பொன்னேரியில் ரயிலை விட்டிறங்கினால், அங்கிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டர் அளவில் பஸ் கொண்டுபோய் விட்டுவிடும். வயல்கள் குறைந்து, மண் வெளுத்து, காற்றில் உப்பும் மீனும் கலந்த நெடி ஏறும்போதே ஊர் வந்துவிட்டது என்று அறியலாம். முதலில் தென்படுவது கடலன்று, ஏரி. சில்காவுக்கு அடுத்தபடியாகப் பாரத தேசத்திலேயே பெரிய உவர்நீர் ஏரி அது. அதன் பெரும்பாகம் ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென்கோடி மாத்திரமே நம்முடையது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து ராக்கெட் புறப்படும் தினங்களில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குள் போகக் கூடாது என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். ஆகாயத்தை அளக்கும் சாஸ்திரமும், வலையை உதறும் மனிதனும் ஒரே தண்ணீருக்கு இரு கரையில் நிற்பது இங்கே பிரத்தியட்சம்.

அந்த ஏரியின் ஜீவன் முழுவதும் முகத்துவாரத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கடலின் ஏற்றத்தில் உப்பு நீர் உள்ளே வருகிறது. இரண்டும் கலந்த அந்த இளஉவர்ப்பில்தான், கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் உள்ளே புகுந்து வளர்ந்து பெரிதாகின்றன. அலை கொண்டுவந்து தள்ளும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிட்டாலோ, கோடையில் தண்ணீர் சுண்டி உப்பு மிகுந்து, இறாலும் மீனும் குறைந்துபோகின்றன. ஆகவே முகத்துவாரத்தைத் தூர்வாரி நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்பது அந்த ஊர்க் குப்பங்களின் வெகுகாலக் கோரிக்கை. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தபிறகு, கரை அரிப்பைப் பற்றிய கவலையும் அதனோடு சேர்ந்துகொண்டது; காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் யோசனையை அவர்கள் எதிர்த்துப் போராடியதற்கும் இந்தக் கவலையே மூலகாரணம்.

ஏரியில் யார் எங்கே வலை விரிப்பது என்பதற்கும் அங்கே ஓர் ஒழுங்கு உண்டு. ‘பாடு’ என்பது அதன் பெயர். நல்ல மீன் விழும் இடங்களைக் குப்பங்கள் முறைவைத்துத் தமக்குள் பிரித்துக்கொள்கின்றன. இன்று இந்த இடத்தில் வலை போட்டவன் நாளை வேறிடத்துக்குப் போக, அவன் நின்ற இடத்துக்கு இன்னொருவன் வருகிறான். எந்தச் சட்டசபையும் இயற்றாத இந்தச் சட்டத்தைக் கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் கைகள் அறுந்த வலைக்கண்ணைப் பின்னிக்கொண்டிருந்தன. கேள்விக்குப் பதில் சொல்லுவதற்காக அவை ஒரு கணமும் நின்றதில்லை.

சரித்திரத்துக்கும் அந்த ஊரில் குறைவில்லை. விஜயநகர காலத்தில் பெருந்துறைமுகம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் வந்தார்கள். மகிமை மாதா ஆலயம் அவர்கள் காலத்தை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர் வந்து 1613-ல் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தங்கள் வாணிகத்துக்கு அதையே தலைமையிடமாக்கினார்கள். இங்கிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட துணிக்குத் தூரதேசங்களில் இந்த ஊரின் பெயரே வழங்கிற்று. துணி மாத்திரமா? பஞ்சத்தாலும் யுத்தத்தாலும் அகதியான ஏழை ஜனங்களையும் அடிமைகளாக்கிக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு ஏற்றினார்கள். அதைச் சொல்லாமல் டச்சுக்காரரின் பெருமையை மாத்திரம் பேசுவது நியாயமன்று. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறிற்று. 1806-ல் ஆங்கிலேயர் கோட்டையை இடித்தார்கள். 1825-ல் ஊர் முற்றிலும் அவர்கள் வசமாயிற்று. இப்போது கோட்டை இருந்த இடத்தில் முட்புதரே மிச்சம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் ஒன்றுதான் பிழைத்தது. அதன் வாயிலில் எலும்புக்கூடுகளைச் சிற்பமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே, குலச் சின்னங்களும் டச்சு எழுத்தும் பொறித்த பலகைக் கற்களின் கீழே பெரிய வர்த்தகர்கள் நித்திரை செய்கிறார்கள். நான் போன சமயம் மதிலோரத்தில் ஒருவர் வலை காயவைத்திருந்தார்.

இத்தனை சிறப்பும் உள்ள ஊரில் பிரயாணிக்குத் தங்க ஒரு சௌகரியமான விடுதி கிடைப்பது கடினம். காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்கே அந்த ஊர் ஏற்றது. 2011-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அதுமுதல் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை. பறவைகளைக் கிட்டப்போய்க் காட்டுவதாக யாராவது கூப்பிட்டாலும் போகலாகாது என்பதே என் அபிப்பிராயம். கரையிலிருந்தே, தூரத்தில் இளஞ்சிவப்பாகக் கோடு கட்டி நிற்கும் பூநாரைகளை ஒரு தூரதர்சினியின் உதவியால் வேண்டிய மட்டும் பார்க்கலாம். மார்கழி முதல் மாசிவரை அதற்குத் தக்க காலம்.

தரங்கம்பாடியின் பிரகிருதி வேறு. எழும்பூரில் ரயிலேறி மயிலாடுதுறையில் இறங்கி, அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் போல பஸ்ஸில் போக வேண்டும். ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ரயில் ஓடியது, 1986-ல் நிறுத்திவிட்டார்கள். பழைய மதில்வாயிலைத் தாண்டி ராஜ வீதிக்குள் நுழைந்தால், வெள்ளையடித்த மாளிகைகளும் தேவாலயங்களும் இரு பக்கமும் நிற்க, வீதியின் முடிவில் கடல் தெரிகிறது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்ட டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை இன்றும் நல்ல நிலையில் நிற்கிறது. உள்ளே காட்சிசாலை இருக்கிறது. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியது இந்த ஊரில்தான். தமிழெழுத்தை அச்சில் வாசிக்கிற எவனும் ஒருதரம் வந்து பார்க்க வேண்டிய ஊர். குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பாகத்தைக் கடல் அரித்துவிட, எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களால் நினைத்த இடத்தில் இறங்கி ஸ்நானம் செய்ய முடியாது என்பதை அக்காவிடம் முன்னமே சொல்லிவைத்தேன்.

இந்த ஊர் ஏன் இத்தனை அமைதியாய் இருக்கிறது என்று யோசித்தால், காரணம் வெளிப்படை. 1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். 1861-ல் இருப்புப்பாதை நாகப்பட்டினத்துக்கு வந்தது. சரக்கும் கப்பலும் அதன் பின்னே போய்விட்டன. வியாபாரம் ஒழிந்த துறைமுகத்தில் வீடுகள் காலியாகின்றன. காலியான வீடுகள் காலாந்தரத்தில் அழகாகத் தெரியத் தொடங்குகின்றன. பழைய கலெக்டர் பங்களா விடுதியாகிறது. உலகத்தில் இது புதிதன்று. இங்கிலாந்தின் பிரைட்டன், மீன்பிடித் தொழில் நொடித்துப்போன ஓர் ஊர்; பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ரஸ்ஸல் என்ற வைத்தியர் கடல்நீரே மருந்து என்று எழுத, சீமான்கள் வந்து குவிந்தார்கள்; வலை காயப்போட்டிருந்த வெளியிலிருந்து மீனவர்களைப் பிற்பாடு அகற்றினார்கள். நம் புதுச்சேரியிலும் கப்பல் வருவது நின்றபிறகே பிரயாணி வந்தான்.

கடலோரத்து ஊர் ஒன்று விருந்தாளிக்கு மனம் விட்டு இடம் கொடுக்க வேண்டுமானால், அதற்கு வேறு வேலை இல்லாதிருக்க வேண்டும் போலும். பழவேற்காட்டுக்கு வேலை இருக்கிறது. அதிகாலையில் இறால் ஏலம், பகலில் வலை பழுதுபார்த்தல், வீட்டுத் திண்ணையில் இஸ்லாமியப் பெண்மணிகள் பனையோலைக் கூடை பின்னுதல் என்று ஊர் முழுதும் தன் காரியத்தில் ஈடுபட்டிருக்க, வேடிக்கை பார்க்கிறவனுக்கு நாற்காலி போட அங்கே யாருக்கும் நேரமில்லை. அது குறையன்று. விடுதியும் விளக்கும் வர வேண்டும் என்று பொன்னேரியிலிருந்து சென்னைவரை பலர் ஆசைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் முகத்துவாரம் திறக்கட்டும், விடுதி பின்னால் வரட்டும் என்பேன். தரங்கம்பாடியிலும் மீனவர் குப்பம் உண்டு. 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலையில் அவர்கள் பட்ட துன்பம் சொல்லி மாளாது. ஆனால் ராஜ வீதியில் உலாவும் பிரயாணியின் கண்ணில் அந்தக் குப்பம் படுவதில்லை. அவன் பார்ப்பதெல்லாம் கோட்டையும் அலையுமே. ஓய்வு என்று நாம் சொல்லுவது, பிறர் உழைப்பு நம் பார்வையில் படாமலிருப்பதைத்தானோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. சிப்காட் சங்குச் சத்தத்தில் கண்விழித்து, அந்தச் சத்தத்திலேயே சாப்பாட்டு வேளையைத் தெரிந்துகொள்ளுகிற என்னைப் போன்றவனுக்கு, சில நாட்களாவது அந்த மறைப்பு வேண்டியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகையால் தீர்ப்பு அக்காவின் கட்சிக்கே சாதகமாயிற்று. சாந்தி முடிந்த மறுநாள் முதல் தரங்கம்பாடியில் வாசம்; விடுதிக்கு முன்பணம் அனுப்பிவிட்டேன். மகனுக்கும் வழி செய்தாயிற்று: திருக்கடையூர் புறப்படுவதற்கு முந்தின வாரம், ஞாயிற்றுக்கிழமைக் கும்பலைத் தவிர்த்து, ஒரு சாதாரண நாளில் விடியற்காலையில் அவனைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போய், பறவைகளைக் காட்டி, உச்சிவேளைக்குள் திரும்பிவிட வேண்டியது.

இதைக் கேள்விப்பட்ட அக்கா உடனே டெலிபோனில் கூப்பிட்டார். “அப்படியே வரும்போது எனக்கு நல்ல கருவாடா பார்த்து ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்துடு தம்பி.”

“அடுத்த வாரம் மாமாவுக்குச் சாந்தி. வீட்டுல விரதம்னு சொன்னீங்களே அக்கா?”

சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு, “சரி, வாங்கி உங்க வீட்டுலயே வெச்சிரு. தரங்கம்பாடியிலிருந்து திரும்பி வந்து எடுத்துக்கிறேன்” என்றார்.