முதல் பத்து கேன்

உகாண்டாவின் குலு நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரச் செம்மண் சாலை. மாமரத்தடியில் பைக் நின்றதுமே அந்தச் சத்தம் காதில் விழுந்தது. லொடக், லொடக் என்று இரும்புச் செயின் ஏறி இறங்கும் சத்தம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த அடிபம்பு கண்முன் வந்து நின்றது.

இரண்டு பம்புகளுக்கும் உள்ள உறவு உண்மையானதுதான். 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவான இந்தியா மார்க் 2 பம்பைக் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில்தான் சோதித்துப் பார்த்தார்கள், சென்னையில் தயாரித்தார்கள். உகாண்டாவில் அதற்கு யூ 2 என்று பெயர்.

பம்பில் தண்ணீர் தாராளமாக வந்தது. ஆனாலும் பெண்கள் மஞ்சள் கேன்களோடு அதைத் தாண்டிச் சதுப்போர ஊற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மாடுகள் இறங்கிக் கலக்கும் ஊற்று அது.

ஏன் என்று கேட்டேன். ஒரு பாட்டி பேசாமல் உள்ளே போய் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். காலையில் பம்பில் பிடித்த தண்ணீர், செம்பழுப்பு நிறம். இதில் டீ போட்டால் மைபோலக் கறுத்துவிடும், பள்ளிக்கூடச் சட்டையில் கறை ஏறும், பீன்ஸ் வேகவைத்தால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள் என்றார்.

என்னோடு வந்த பம்பு மெக்கானிக் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: நாள் முழுக்க இப்படியா, விடியற்காலையில் மட்டுமா? முதல் பத்து கேன் மட்டும், அப்புறம் தெளிந்துவிடும் என்றார் பாட்டி. நிலத்தடி இரும்பாக இருந்தால் நாள் முழுக்க வரும். இரவெல்லாம் குழாயில் நின்ற தண்ணீர் மட்டும் சிவக்கிறதென்றால், கரைவது குழாய்தான். ஊர் அதைத் தன் வழியில் முன்பே கண்டுபிடித்திருந்தது. ஆனால் முதலில் வருகிறவள் இருநூறு லிட்டர் அடித்துக் கொட்ட வேண்டுமே. யார் முதலில் வருவது?

மறுநாள் நாலு பேர் சேர்ந்து குழாய்களை உருவினார்கள். மூன்று மீட்டர் நீளத்தில் பன்னிரண்டு. கீழே போகப் போகத் துத்தநாகப் பூச்சே இல்லை. ஒன்பதாவது குழாயில் விரல் நுழைந்தது. அமிலத்தன்மையுள்ள தண்ணீரில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் இப்படித்தான் ஆகும். 2016-ல் உகாண்டா அரசு அடிபம்புகளில் இந்த வகைக் குழாய்க்குத் தடை விதித்தது. இவை அதற்கு முன்பு இறக்கியவை. துளை போட்டு, படம் எடுத்து, கணக்கில் ஒரு கிணறு ஏற்றிக்கொண்டு போனவர்கள் இந்தத் தண்ணீரின் அமிலத்தை ஒருமுறை சோதித்திருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் தீரவில்லை.

துருப்பிடிக்காத எஃகுக் குழாயின் விலையை மெக்கானிக் சொன்னதும் பேச்சு நின்றது. குடிநீர்க் குழுவின் பொருளாளர், ஒரு இளம்பெண், வீட்டுக்கு வீடு மாதாமாதம் வசூலித்த கணக்கு நோட்டை விரித்தார். அன்று மாலை ஊரே ஊற்றுக்குத்தான் போனது. அவர் மட்டும் புல்லில் கிடந்த குழாய்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் கூட்டிக்கொண்டிருந்தார்.