மீண்டும் ஓடினோம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று பெரியோர் கூறுவர். ஒன்பதாம் வகுப்பு வரை நாங்கள் இந்தப் பழமொழியைக் கட்டுரை ஏட்டில் எழுதி மதிப்பெண் வாங்கினோமே தவிர, ஒரு நாளும் அதைப் பற்றி எண்ணிப் பார்த்ததில்லை. இந்தக் கல்வியாண்டில் எங்கள் சுவர் இடிந்தது. அதை மறுபடி எழுப்பிய கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் இருவர். அக்காள் தங்கை வயிற்றில் பிறந்த பிள்ளைகள். எங்களுக்குள் 11 நாள் வித்தியாசம். ஒரே வகுப்பு, விடுதியில் அடுத்தடுத்த கட்டில். ஓட்டத்திலும் அப்படித்தான். ஒருத்தி எல்லைக் கோட்டைத் தாண்டினால் மற்றவள் பின்னாலேயே வந்துவிடுவாள். சென்ற ஆண்டு மாணவியருக்கான மலைப்பாதை ஓட்டத்தில் மூன்றாவதாகவும் ஐந்தாவதாகவும் வந்தோம். இந்த ஆண்டு முதலிரண்டு இடங்களும் நமக்கே என்று விடுமுறைக்குப் போகும்போதே பேசி முடித்துவிட்டோம்.

மே மாதம் சமவெளியில் உறவினர் வீட்டுக் கலியாணம். வெயில் தாங்காமல் ஐஸ் போட்ட சர்பத்தைக் கணக்கில்லாமல் குடித்தோம். ஜூன் இரண்டாம் வாரம் இருவருக்கும் காய்ச்சல். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். நாளுக்கு நாள் ஏறியதே தவிர இறங்கவில்லை. இரத்தப் பரிசோதனையில் டைபாய்டு என்று தெரிந்தது. அசுத்தமான நீர், உணவு வழியாகக் குடலுக்குள் போய், அங்கிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமியால் வருவது அது. கஞ்சி, இட்லி, இளநீர், மருந்து, தூக்கம் என்றே மூன்று வாரம் கழிந்தது. ஒருத்தி ஆறு கிலோவும் மற்றவள் ஐந்து கிலோவும் இளைத்தோம். தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி வந்தது.

ஜூலை கடைசியில் ஏற்காட்டுக்குத் திரும்பினோம். விடுதி மாடிக்கு 22 படிகள். முன்பெல்லாம் இரண்டிரண்டாகத் தாவி ஏறுவோம். அன்று நடுவில் இரண்டு முறை நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நோயாளர் அறையைக் கவனிக்கும் சிஸ்டர் எங்களுக்கு ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுமுன், மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிட நாடித் துடிப்பை எண்ணி அதில் எழுத வேண்டும். நல்ல உடல்நிலையில் எங்கள் துடிப்பு 68க்கு மேல் போனதில்லை. இப்போது ஒருத்திக்கு 94, மற்றவளுக்கு 98.

“எஸ்டேட்டில் மூட்டை சுமக்கிற ஆள் குறைந்தால் இருக்கிறவர்கள் அதிக நடை நடக்க வேண்டும் அல்லவா? உங்கள் இரத்தத்திலும் இப்போது ஆள் குறைவு. அதனால் இதயம் அதிக நடை நடக்கிறது. அது நிதானப்படும் வரை நீங்கள் நடந்தால் போதும்” என்றார் சிஸ்டர். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு சமவெளியைவிடக் குறைவு என்பதையும் விளக்கினார்.

ஆகஸ்ட் 16 முதல் மாலையில் அரை மணி நேரம் நடக்க அனுமதி கிடைத்தது. நடந்தோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் மைதானத்தைச் சுற்றி ஓடி எங்களைக் கடந்து போனார்கள். “அக்கா, உடம்பு எப்படி இருக்கு?” என்று அன்பாகத்தான் கேட்டார்கள். எங்களுக்கோ அது குத்தலாகப் பட்டது. போதாக்குறைக்கு, ஜனவரி ஓட்டத்துக்கான குழுவை டிசம்பர் முதல் வாரம் தேர்ந்தெடுப்பதாக உடற்பயிற்சி ஆசிரியை அறிவித்தார்.

ஆகஸ்ட் 30 அன்று மாதா நவநாள் தொடங்கியது. அன்றே எங்கள் பொய்யும் தொடங்கியது. விடியுமுன் எழுந்து, காவலர் மறுபக்கம் போனதும், தோட்டத்துப் பின்பாதையில் ஓடினோம். நோட்டில் துடிப்பை 76, 75, 74 என்று நாளுக்கு நாள் அழகாக இறக்கி எழுதினோம். ஒருத்தி கணக்குப் போட்டு எழுத, மற்றவள் அதைப் பார்த்து எழுதினாள். மாலையில் மாதா பாடலை மற்றவர்களைவிட உரக்கப் பாடியவர்களும் நாங்கள்தான்.

செப்டம்பர் 8, அன்னையின் பிறந்த நாள் திருப்பலி. பாதியில் எங்களில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். யார் விழுந்தது, யார் கணக்குப் போட்டது என்று நாங்கள் எழுதப் போவதில்லை. பொய் இருவருடையதும்தான்.

நோயாளர் அறையில் சிஸ்டர் இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். ஒன்பது நாளும் இரண்டிலும் ஒரே எண்கள்.

“உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே இதயமா?” என்று கேட்டார்.

திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டோம். அந்தக் கேள்விக்கு இருவரும் அழுதோம்.

மருத்துவர் வந்தார். நல்லவேளை, டைபாய்டு திரும்பவில்லை. ஆனால் விழுந்தவளுக்கு ஹீமோகுளோபின் 9 கிராம்தான் இருந்தது; பெண்பிள்ளைகளுக்கு 12 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேர எலுமிச்சைச் சாறு. நாலு வாரம் ஓட்டம் கூடாது என்றார். மற்றவளுக்கு அளவு 11ஐத் தாண்டியிருந்தது. அவள் மெல்ல ஓடத் தொடங்கலாம் என்றார்.

“அவள் வராமல் நான் ஓடமாட்டேன் சிஸ்டர்” என்றாள் அவள்.

“அது அன்பில்லை, பிடிவாதம். நீ ஓடு, அவள் நேரம் பார்க்கட்டும்” என்று முடித்துவிட்டார் சிஸ்டர்.

அந்த நாலு வாரம்தான் காய்ச்சலைவிடக் கடினமாக இருந்தது. பிறந்தது முதல் எதையும் சேர்ந்தே செய்த நாங்கள், ஒருத்தி கல்மேடையில் கடிகாரத்துடன் உட்காரவும் மற்றவள் ஓடவும் கண்டோம். மனத்தில் இருந்ததைப் பேசிக்கொள்ளவில்லை. மாதக் கடைசியில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றபோதுதான் வெளியே வந்தது.

“நீ கால் இடறி விழுந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன்டி.”

“நீ இல்லாததால இன்னும் வேகமா ஓடலாம்னு நான் நினைச்சேன்டி.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் நின்ற சிஸ்டர் திரும்பி முறைத்தார். சுவாமியாரிடம் சொல்லுமுன்பே பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

அந்நாட்களில் நூலகத்தில் வில்மா ருடால்ப் என்ற அமெரிக்க வீராங்கனையைப் பற்றிப் படித்தோம். 1940இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் பலமிழந்தது. அவர் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கம் வென்றதை எல்லாரும் புதுமை என்பார்கள். எங்கள் மனத்தில் நின்றதோ வேறு. அவருடைய தாயார் சிகிச்சைக்காகச் சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகருக்கு வாரந்தோறும் மகளைப் பேருந்தில் அழைத்துச் சென்றார். வீட்டில் அண்ணன் அக்காமார் முறைபோட்டு அந்தக் காலைப் பிடித்துவிட்டனர். அந்தப் பிரயாணங்களுக்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை. ஆனால் பதக்கம் அங்கிருந்துதான் வந்தது.

அக்டோபரில் இருவரும் சேர்ந்து தொடங்கினோம். இம்முறை வேகத்தை அளக்க சிஸ்டர் ஓர் எளிய வழி சொன்னார். ஓடிக்கொண்டே மங்கள வார்த்தை ஜெபத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூச்சு அறுந்து வார்த்தை உடைந்தால் வேகம் அதிகம். உடனே நடக்க வேண்டும். தடையின்றிச் சொல்ல முடிந்தால் சரியான வேகம். முதல் வாரம் பத்து மணி ஜெபம் நடை, மூன்று மணி ஜெபம் ஓட்டம். பிறகு பாதிக்குப் பாதி. நவம்பர் கடைசியில் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையையும் ஓடியபடியே சொல்லி முடித்தோம். உடற்பயிற்சி நூல்களிலும் பேசிக்கொண்டே ஓடும் இந்தச் சோதனை உண்டு என்று ஆசிரியை கூறினார்.

மலைப்பாதை மைதானத்தைப் போன்றதன்று. சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளும் நிறைந்த காப்பித் தோட்டத்தில் வேர் தடுக்கும், சருகு வழுக்கும். ஏற்றத்தில் அடியைச் சுருக்க வேண்டும். மிகச் செங்குத்தானால் நடப்பதே வேகம். இறக்கத்தில் பாதத்தைப் பாராமல் நாலடி முன்னால் பார்க்க வேண்டும். ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். இறக்கம் தொடைகளைச் சோதிக்கும். இரண்டையும் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் பழகினோம். மறுநாள் காலைத் துடிப்பு கூடியிருந்தால் அன்று ஓய்வு.

இதற்கிடையே அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. “பத்தாம் வகுப்பில் ஓட்டம் எதற்கு?” என்று கேட்டிருந்தார். நியாயமான பயந்தான். படிப்பு நேரத்தில் ஒரு நிமிடமும் குறையாது என்று தலைமைச் சகோதரி பதில் எழுதினார். அந்த வாக்கைக் காப்பாற்ற, நாங்கள் அரையாண்டுத் தேர்வுக்கு ஓட்டத்தைவிட அதிகமாகப் பயந்து படித்தோம்.

டிசம்பரில் குழுவின் கடைசி இரு இடங்களும் எங்களுக்குக் கிடைத்தன. ஜனவரியில் ஆறு கிலோமீட்டர் ஓட்டம், 46 மாணவியர். கடைசி ஏற்றத்தில் எங்களில் ஒருத்திக்கு மங்கள வார்த்தை பாதியில் உடைந்தது. ஓரத்தில் நின்றவர்கள் “ஓடு, ஓடு” என்று கத்தினார்கள். அவள் நடந்தாள். ஏழு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். மேட்டில் ஏறி, ஜெபத்தை முழுதாக ஒரு முறை சொல்லிப் பார்த்து, பிறகுதான் ஓடினாள். முன்பே முடித்துவிட்ட மற்றவள் திரும்பி வந்து, கயிற்றுக்கு வெளியே நின்று தொண்டை கட்டும் வரை கூப்பிட்டாள்.

பதினான்காவதாகவும் இருபத்தொன்பதாவதாகவும் வந்தோம். கோப்பை வேறு பள்ளிக்குப் போயிற்று.

இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்தில் கடந்து அப்பா வந்திருந்தார். எத்தனையாவது இடம் என்று கேட்கவில்லை. “என்னம்மா, மூச்சு வாங்குதா?” என்று இருவரையும் கேட்டார். “இல்லப்பா”, “இல்ல பெரியப்பா” என்றோம். மறுநாள் காலை நோட்டில் 70, 74 என்று எழுதினோம். வெவ்வேறு எண்கள். சிஸ்டர் பார்த்துவிட்டு, “இப்போது இரண்டு இதயம் இருக்கிறது” என்றார்.

புனித பவுல் விசுவாச வாழ்வை ஓட்டப் பந்தயத்துக்கு ஒப்பிட்டு, பந்தயத்தில் ஓடுகிறவர்களின் தன்னடக்கத்தைப் பாராட்டுகிறார். தன்னடக்கம் என்றால் சோம்பலை அடக்குவது என்றே எண்ணியிருந்தோம். அவசரத்தை அடக்குவதும் தன்னடக்கமே என்று இப்போது தெரிந்துகொண்டோம்.

அன்புத் தங்கைகளே, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். டைபாய்டுக்குத் தடுப்பூசி உண்டு, பெற்றோரிடம் கேளுங்கள். காய்ச்சல் விட்டாலும் மருந்தைக் கடைசி வேளை வரை சாப்பிடுங்கள். உங்களுக்கும் யாராவது நோட்டுப் புத்தகம் கொடுத்தால் அதில் உண்மையை மட்டும் எழுதுங்கள்.