ஆச்சியின் பத்தியம்

யாழ்ப்பாணத்து வீடொன்றினுள் நோய் புகுந்தால் முதலிற் குறைவது சோறு. காய்ச்சலென்றாற் கஞ்சி, வயிற்றுக் குழப்பமென்றாற் பட்டினி, எது என்று தெரியாத வருத்தமென்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மல்லித்தண்ணீர். பள்ளிக்கூட விடுமுறை வந்ததும் பிள்ளைகளை விடியற்காலையில் வரிசையாக இருத்தி ஆமணக்கெண்ணெய் பருக்கி வயிற்றைக் கழுவிவிட்ட தலைமுறையினர் இன்னும் நம்மிடையே உளர். வயிறு வெறுமையாய்க் கிடந்தாற்றான் மருந்து வேலைசெய்யும் என்பது அவர்களுடைய எண்ணம். அளவெட்டியில் வாழும் 76 வயதான ஆச்சி ஒருவரும் அவ்வெண்ணத்திலேயே வளர்ந்தவர். பெருங்குடலிற் புற்றுநோய்க் கட்டி இருக்கின்றதென்று தெரிந்த நாள்முதல் அவர் தாமாகவே ஒருவேளைச் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டார். கட்டிக்குத் தீனி போடக் கூடாது என்பது அவருடைய நியாயம்.

ஆறு மாதங்களுக்கு முன்னர் 50 கிலோவாக இருந்த ஆச்சியின் எடை 42 கிலோவாக இறங்கியிருந்தது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப் போன இடத்தில், அவரைப் பரிசோதித்த நிபுணர் கத்தியைப் பற்றி அதிகம் பேசவில்லை. என்ன சாப்பிடுகின்றார், எவ்வளவு சாப்பிடுகின்றார், எத்தனை அடி தூரம் நடக்கின்றார் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். இறுதியில் இரண்டு கிழமை தள்ளிப்போடுவோம் என்றார்.

"டொக்டர், பிந்தினால் பரவிவிடாதோ?" என்று மகன் கேட்டார்.

"இந்தக் கட்டி நேற்று இண்டைக்கு முளைச்சதில்லை, தம்பி. வருஷக்கணக்காய் வளர்ந்தது. இரண்டு கிழமையிலை அது செய்யப்போற கெடுதலைவிட, அம்மாவை இந்த உடம்போடை மேசையிலை ஏத்தினால் வாற கெடுதல் பெரிசு. வெட்டுறது என்ரை வேலை. தைச்ச குடல் பொருந்துறது அவவின்ரை உடம்பின்ரை வேலை."

இவ்விடத்தில் அக்குடும்பத்தின் பழைய கதை ஒன்றைச் சொல்லாது விட்டால் மகனுடைய அச்சம் விளங்காது. ஆச்சியின் தமையனாருக்கும் வயிற்றிலே புற்றுநோய் வந்தது. அது 2007 ஆம் ஆண்டு. ஏ-9 பாதை 2006 ஆகஸ்டில் மூடப்பட்டிருந்தது. குடாநாட்டிலே புற்றுநோய்க்கென ஒரு வைத்தியசாலை இல்லை, மகரகமைக்குப் போகவேண்டும். போவதற்கு அனுமதி வேண்டும், அனுமதி கிடைத்தாற் கப்பலில் இடம் வேண்டும். இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்த மாதங்களில் அந்த மனிதர் கண்ணெதிரே உருகினார். கப்பலில் இடம் கிடைத்தபோது அவரைக் கதிரையில் வைத்துத் தூக்கவேண்டியிருந்தது. அவர் திரும்பி வரவில்லை. அந்த வீட்டிலே 'காத்திருத்தல்' என்ற சொல்லுக்கு அன்றிலிருந்து வேறொரு பொருள் உண்டு. இன்று தெல்லிப்பழையிலேயே புற்றுநோய் வைத்தியசாலை இருக்கின்றது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தவர்கள் திரட்டிய பணத்தில் எழுந்து 2013 இல் திறக்கப்பட்டது அது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் வைத்தியம் இருக்கையிலே, தானாக வலிந்து இரண்டு கிழமை காத்திருப்பதா? மகன் இரவு முழுவதும் முற்றத்தில் நடந்தார்.

எனினும் நிபுணர் சொன்னது புதுமையான கருத்தன்று. 1936 இலேயே அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஸ்ரட்லி என்னும் சத்திரவைத்தியர், இரைப்பைப் புண்ணுக்காகச் சத்திரசிகிச்சை பெற்றோரின் கணக்கை எடுத்துப் பார்த்தார். உடலெடையில் ஐந்திலொரு பங்குக்குமேல் இழந்துவிட்டு வந்தோரில் மூன்றிலொருவர் இறந்திருந்தனர். அவ்வளவு இழவாதோரில் இறந்தவர் நூற்றுக்கு நால்வர் அளவே. வெட்டியவர்களும் வெட்டிய முறையும் ஒன்றே. வேறுபட்டது நோயாளி கொண்டுவந்த உடம்பு. இன்று ஐரோப்பிய போசாக்கு நிபுணர்களின் நெறிமுறைகள், கடுமையாக மெலிந்தவருக்கு, புற்றுநோயேயாயினும், 7 முதல் 14 நாட்கள்வரை சத்திரசிகிச்சையைப் பின்போட்டு உணவூட்டுக என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. முதியோரிடம் இது இன்னும் முக்கியம். இளையவர் உடம்பில் தசை என்னும் வைப்புப் பணம் உண்டு; காயம் ஆறுவதற்கு வேண்டிய புரதத்தை உடம்பு அதிலிருந்து எடுத்துச் செலவிடும். ஆச்சியின் கையில் அந்த வைப்பு ஏறத்தாழத் தீர்ந்திருந்தது.

ஆச்சிக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம்வரை புரதம் வேண்டும் என்று போசாக்கு அலுவலர் எழுதிக் கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் பேத்தி அந்தத் துண்டை வாங்கி, ஆச்சி உண்மையில் உண்பதைக் கணக்கிட்டாள். காலையில் தேநீர், மத்தியானம் இரண்டு அகப்பை கஞ்சி, இரவு ஒரு வாழைப்பழம். எல்லாம் கூட்டியும் பத்துக் கிராமை எட்டுவது கடினமாயிருந்தது. ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு குவளைப் பாலில் ஆறோ ஏழோ என்று அவள் குசினிச் சுவரில் ஒரு பட்டியலே ஒட்டிவிட்டாள்.

ஊரார் சும்மா இருக்கவில்லை. முருங்கையிலை வந்தது, ஒடியல் மா வந்தது, நண்டும் பயிற்றங்காயும் இட்டு ஒரு பானை கூழே வந்துவிட்டது. சத்துள்ள பண்டங்கள்தாம், ஆயினும் கட்டியால் ஒடுங்கிப்போன குடலில் நார் மிகுந்த உணவு அடைத்துக்கொள்ளும் என்று நிபுணர் முன்னரே எச்சரித்திருந்தார். ஆகவே யாழ்ப்பாணத்தான் பெருமையாகப் பேசும் உணவுகளையெல்லாம் ஆச்சியின் தட்டிலிருந்து விலக்கவேண்டியதாயிற்று. எஞ்சியவை தோல் நீக்கிய பயற்றங்கஞ்சி, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், பால், தயிர். கூழ்ப்பானையை வீட்டார் மௌனமாக இருந்து குடித்து முடித்தனர்.

கனடாவிலிருக்கும் இளைய மகன் வேறொன்றை அனுப்பிவைத்தார். குளிசை ஒவ்வொன்றிலும் ஆயிரம் கோடி உயிருள்ள பற்றீரியாக்கள் உள்ளனவென்று போத்தலில் அச்சிடப்பட்டிருந்தது. ஆச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன, பழஞ்சோத்துத் தண்ணியைக் காய வைச்சு அடைச்சிருக்கிறாங்களோ?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. இரவிலே நீரூற்றி வைத்த சோற்றை விடியுமுன் புளிக்க வைப்பனவும் தயிரை உறைய வைப்பனவும் அந்த இனத்துப் பற்றீரியாக்களே. 1907 இல் மெச்னிக்கோவ் என்னும் ருசிய அறிஞர், பல்கேரிய நாட்டு உழவரின் நீண்ட ஆயுளுக்கு அவர்கள் உண்ணும் தயிரே காரணமாகலாம் என எழுதியபோதே இக்கதை தொடங்கிவிட்டது. அவரே, மனிதனுக்குப் பெருங்குடல் ஒரு வேண்டாத சுமை, நஞ்சு ஊறும் இடம் என்றும் கருதினார். ஏறத்தாழ இதே கருத்தைப் பிடித்துக்கொண்டு லண்டனில் லேன் என்ற சத்திரவைத்தியர் வெறும் மலச்சிக்கலுக்கே பெருங்குடலை வெட்டியெறிந்து வந்தார். ஒரே தவறான எண்ணத்திலிருந்து ஒருவர் தயிரையும் மற்றவர் கத்தியையும் கையிலெடுத்தமை மருத்துவ வரலாற்றின் விநோதங்களில் ஒன்று. தயிர்க்காரரால் எவரும் சாகவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

குளிசையைப் பற்றிக் கேட்டபோது நிபுணர் அவசரப்படவில்லை. பெருங்குடற் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் இத்தகைய நுண்ணங்கிகளைக் கொடுத்த ஆய்வுகள் பலவற்றில் தொற்றுக்கள் குறைந்திருப்பது உண்மை என்றார். ஆனால் ஆய்வுக்கு ஆய்வு நுண்ணங்கியின் இனம் வேறு, அளவு வேறு. பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். 2008 இல் நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சியுற்றோருக்கு இவற்றைக் கொடுத்துப் பார்த்தபோது, கொடுக்கப்பட்டோரில் நூற்றுக்குப் பதினாறு பேரும் வெற்று மருந்து பெற்றோரில் ஆறு பேரும் இறந்தனர். அது வேறு நோய், வேறு நிலைமை. எனினும் உயிருள்ள பொருள் என்பதாலேயே அது தீங்கற்றது எனக் கொள்ளலாகாது என்பதை அந்த ஆய்வு காட்டிவிட்டது. அன்றியும் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் குடலைச் சுத்திகரிக்கக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி, குளிசையில் வந்த ஆயிரம் கோடியையும் விட்டுவைக்கப் போவதில்லை. "தயிரைக் குடுங்கோ. போத்தல் அலுமாரியிலை இருக்கட்டும்" என்று முடித்தார்.

இவையெல்லாம் எளிதாய் முடிந்தன. முடியாதது ஒன்றே. ஐப்பசி பிறந்திருந்தது, அந்த இரண்டு கிழமைக்குள் கந்தசஷ்டி வந்தது.

யாழ்ப்பாணத்தாரின் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அழைத்தார். ஆச்சியிடம் அது ஏட்டுச்சொல் அன்று. மணமான ஆண்டு தொட்டு ஆறு நாளும் இரவிலே ஒரு குவளைப் பாலும் ஒரு பழமும் மட்டும் கொண்டு விரதம் காத்தவர். இடப்பெயர்வில் மரத்தடியில் இருந்தபோதும் விடவில்லை. இவ்வாண்டு, நோய் நீங்கவேண்டுமென்று ஆறாம் நாள் நீரும் அருந்துவதில்லை என நேர்ந்துவிட்டிருந்தார். உணவுதான் மருந்து என்று வைத்தியர் சொல்கின்றார். உண்ணாமையே மருந்து என்று அறுபது வருடப் பழக்கம் சொல்கின்றது. மகன் கோபித்தார், பேத்தி பட்டியலைக் காட்டினாள், ஆச்சி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். முதலாம் நாள் அவர் உண்டது பால் ஒரு குவளை மட்டுமே.

இரண்டாம் நாள் காலையில் ஆச்சியின் தங்கை வந்தார். அவருக்கும் எழுபது கடந்துவிட்டது. படலையைத் திறந்தவர் திண்ணையில் இருந்து நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அக்கா, அண்ணரைக் கதிரையிலை தூக்கினது நினைவிருக்கோ? அவர் விரதம் பிடிச்சே மெலிஞ்சவர்? சாப்பிட ஏலாமல் மெலிஞ்சவர். உனக்கு ஏலும். உன்ரை விரதத்தை நான் பிடிக்கிறன். நீ சாப்பிடு."

ஆச்சி உடனே இணங்கவில்லை. ஒருவரின் விரதத்தை இன்னொருவர் பிடிக்கலாமா என்பதைக் கோயில் ஐயரிடம் கேட்டுவரச் சொன்னார். நோயாளர்க்கு விரதத்தில் விலக்கு உண்டென்று ஐயர் சொல்லியனுப்பினார். அதன் பின்னர்தான் இறங்கி வந்தார். அதுவும் பாதி வழிக்கு. முட்டையும் மீனும் ஆறு நாட்களுக்கும் ஆகாது. பாலும் தயிரும் பயறும் கொள்ளலாம். ஆனால் எத்தனை முறை என்று எவரும் எண்ணக்கூடாது. பாலிலே புரத மாவைக் கலந்து நாளுக்கு ஐந்து முறை கொடுத்தனர். ஐம்பது கிராம் வந்ததா என்றால் வரவில்லை. நாற்பதை எட்டிய நாட்கள் உண்டு. காலையும் மாலையும் வளவைச் சுற்றி நடக்கவைத்தனர். சூரன் போரன்று தங்கை வாடிய முகத்துடன் திண்ணையிலே சாய்ந்திருக்க, ஆச்சி அவரெதிரே தயிருஞ் சோறும் உண்டார். அவ்வேளை அவர் அழுதார் என்பதைத் தவிர அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் குடலைக் கழுவும் மருந்து கொடுக்கப்பட்டது. ஆமணக்கெண்ணெய்க் காலத்தவரான ஆச்சிக்கு அதில் மட்டும் ஐயமே எழவில்லை. "இதுதான் வைத்தியம்" என்று மகிழ்ந்து குடித்தார். நள்ளிரவிலிருந்து துளி நீரும் ஆகாதென்னும் பழைய விதி, மயக்கத்திலே இரைப்பையிலுள்ளது மூச்சுக்குழலுட் போய்விடும் என்னும் அச்சத்தால் எழுந்தது. இப்போது திண்ம உணவுக்கு ஆறு மணித்தியாலமும் தெளிந்த நீருணவுக்கு இரண்டு மணித்தியாலமும் போதும் என்கின்றனர். ஆகவே விடியற்காலையில் தாதி சீனிக்கரைசல் ஒன்றைக் கொணர்ந்தபோது, இது பிழையாக வந்ததென்று ஆச்சி வாங்க மறுத்து, இருமுறை சொல்லியபின்பே பருகினார்.

பேத்தி வெளி விறாந்தையில் இருந்தாள். மானிப்பாயில் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1867 இல் வெளியிட்ட 'இரணவைத்தியம்' பற்றி அவள் கட்டுரை எழுதவேண்டியிருந்தது. கிருமிகளைத் தடுக்கும் முறையை லிஸ்ரர் பிரித்தானியாவில் வெளியிட்டதும் அதே ஆண்டிலேதான். அக்காலத்தில் வயிற்றைத் திறப்பது பெரும்பாலும் சாவிலே முடிந்தது. நான்கு மணித்தியாலத்தில் அவள் ஒரு வரியும் எழுதவில்லை.

கட்டி முழுமையாக அகற்றப்பட்டது. குடல் பொருந்தியது, காயத்தில் ஒரு மூலை மட்டும் சீழ்கொண்டு ஆறப் பத்து நாள் பிந்திற்று. முட்டையை விலக்கிய அந்த ஆறு நாட்களே காரணம் என்று மகன் இன்றும் சொல்கின்றார். அப்படி அறுதியிட்டுச் சொல்ல இயலாதென்று நிபுணர் சொன்னார். நிணநீர்க் கணுவொன்றிலும் நோய் கண்டிருந்தமையால் இனித் தெல்லிப்பழைக்குப் போய் மருந்தேற்றவேண்டும். அதற்கும் உடம்பு வேண்டும் என்று பட்டியல் சுவரிலேயே விடப்பட்டிருக்கின்றது. கனடாப் போத்தல் அலுமாரியில் இருக்கின்றது. தங்கைக்கு ஒரு விரதம் கடன் என்று ஆச்சி சொல்லிக்கொண்டிருக்கின்றார். அடுத்த ஐப்பசியில் அவருக்காகத் தாம் பிடிப்பதாக. தங்கையோ அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பாலைச் சூடாக்கிக்கொண்டு வருகின்றார்.