எடைக்கு எட்டாத வேற்றுமை

‘நகரம்’ என்னும் சொல்லில் உள்ள நான்கு எழுத்துகளே ‘நரகம்’ என்னும் சொல்லிலும் உள்ளன. இரண்டு எழுத்துகள் இடம் மாறின. பொருள் முற்றிலும் மாறிற்று. எழுத்துகளை எண்ணுபவனுக்கு இரண்டும் ஒன்றே. படிப்பவனுக்கே வேறுபாடு விளங்கும். இயற்கையும் அணுக்களை எழுத்துகளாகக் கொண்டு இத்தகைய சொற்களை அமைத்துள்ளது.

1820களில் ஜெர்மானிய வேதியியலார் இருவரிடையே ஒரு பூசல் எழுந்தது. லீபிக் ஆராய்ந்த வெள்ளி உப்பு வெடிக்கும் தன்மையது. வோலர் ஆராய்ந்ததோ அத்தன்மை அற்றது. ஆயினும் இரண்டிலும் அதே தனிமங்கள் அதே அளவில் இருந்தன. வோலரின் கணக்கே பிழையென லீபிக் கருதினார். மறு ஆய்வில் இருவர் கணக்கும் சரியென்றே தெரிந்தது. பூசல் நட்பாக மலர்ந்தது. இத்தகைய பொருள்களுக்குப் பெர்சீலியஸ் 1830இல் ‘ஐசோமர்’ எனப் பெயரிட்டார். தமிழில் அவற்றை மாற்றியங்கள் என்பர்.

இவ்வேற்றுமை ஏட்டளவில் நிற்பதன்று. பாலில் உள்ள சர்க்கரை செரிக்கும்போது குளுக்கோசு, காலக்டோசு என இரண்டாகப் பிரிகிறது. இரண்டின் மூலக்கூறு நிறையும் 180. ஒரே ஒரு கரிம அணுவில் ஹைட்ராக்சில் தொகுதி நோக்கும் திசையே வேறு. ஆயினும், காலக்டோசைப் பயன்படுத்த இயலாத பிறவிக் குறையுடைய குழந்தைக்குத் தாய்ப்பாலே கல்லீரலையும் கண்ணையும் கெடுக்கும் நஞ்சாகிவிடுகிறது.

ஆஸ்டன் 1919இல் நிறைநிறமாலைக் கருவி ஒன்றை அமைத்தார். அதன் வழிவந்த கருவிகள், மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகளாகிய அயனிகளின் நிறையை மிக நுட்பமாக அளப்பன. ஆனால் சமநிறை மாற்றியங்களை நிறையால் மட்டும் பிரித்தறிதல் அவற்றுக்கும் இயலாது. அங்கே துணைக்கு வருவது அகச்சிவப்பு லேசர்.

மூலக்கூற்றின் பிணைப்புகள் ஓயாது அதிர்வன. ஒவ்வோர் அமைப்புக்கும் உரிய அதிர்வெண்கள் உண்டு. கருவிக்குள் சிறைப்பட்ட அயனிகள்மீது, லேசரின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பாய்ச்சுவர். ஒளி அதிர்வோடு ஒத்தியையும்போது, அயனி ஒளித்துகள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுச் சூடேறி உடைகிறது. எவ்வலைநீளத்தில் எவ்வளவு உடைந்தது என்பதை நிறைக்கருவி காட்டுகிறது. அதனை வரைபடமாக்கினால் மாற்றியத்தின் கைரேகை கிடைத்துவிடும். அறிந்த பொருளின் வரைபடத்தோடு அதனை ஒப்பிட்டு அடையாளம் காண்பர். நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள ஃபெலிக்ஸ் ஆய்வகம் இம்முறைக்குப் பெயர் பெற்றது.

நிறை ஒன்றாயிருப்பினும் இயல்பு ஒன்றாகிவிடாது. ஒரே மதிப்பெண் பெற்ற மாணவர் இருவரை ஒரே தன்மையர் என எண்ணும் ஆசிரியரும் நிறையை மட்டுமே கண்டவராவார். ஒவ்வொருவர் உள்ளமும் எந்த ஒளிக்கு அதிர்கிறது என அறிந்த பின்னரே, அவரை அறிந்ததாகச் சொல்லலாகும்.